மூன்றாம் மாடிக் கடைசி அறை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கிழித்துப் போடுவதற்கு முன்னால் முதல் பக்கத்தையாவது படி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் காலையில் நடக்கப் போகிறாரா, இல்லை டிவி முன்னாலேயே குடித்தனமா? இங்கே இவர் சௌக்கியம்.

என் சேதிக்கு வருகிறேன். நவம்பரில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். உனக்குச் சொல்லாமல் விட்டதற்கான திட்டை அப்புறம் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். போன் செய்யலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் இரண்டாவது நிமிடத்தில் நான் வாயைக் கொடுப்பேன், மூன்றாவது நிமிடத்தில் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வேலையாகத்தான் எழுதுகிறேன். எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ள சிலிக்கான் மார்பு என்று விற்கிறார்களே, அதைக் கைபேசியில் பார்த்து வரவழைத்தேன். முதலில் வந்தது கல்லுக்குண்டு கனம். இரண்டாவதைப் போட்டுக்கொண்டு குனிந்தால் நான் ஒரு பக்கம் போகிறேன், அது ஒரு பக்கம் போகிறது. மூன்றாவதை இவர் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தார். தையல் நன்றாகக் காய்ந்த பிறகு, தெரிந்தவர்களிடம் அளவு கொடுத்து வாங்குங்கள் என்று நர்ஸ் சொன்னாள். ஐந்து மாடிக் கடையில் முப்பது வருடமாகப் பெண்களுக்கு உள்ளாடை அளவெடுப்பவள் என் அக்காதான் என்று அவளிடம் பெருமையடித்துவிட்டேன். நாம் பேசிக்கொள்வதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மார்ச்சில் வரட்டுமா?

உன் தங்கை,
வாலு

---

ஜனவரி 17

அடியே வாலு,

உடம்பு எப்படி என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நீ உடம்பை வெட்டிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துச் சொல்கிறாய், நான் எதைக் கேட்பது? நாளைக்கு நான் செத்தாலும் நீ யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்வாய் போலிருக்கிறது. வீம்பில் உனக்கு நான் குறைந்தவளில்லை என்று நினைத்திருந்தேன். என்னையும் மிஞ்சிவிட்டாய்.

சரக்கு அறையில் அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து படித்தேன். கல்லாப் பெண் எட்டிப் பார்த்து, "டேப்பக்கா, கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்றாள். "தூசிம்மா" என்றேன். கழுத்தில் எப்போதும் டேப் தொங்குவதால் இங்கே எனக்கு அதுதான் பெயர்.

இனிமேல் இதைக் கைபேசியில் வாங்காதே. துடைப்பமா இது, படத்தைப் பார்த்து வாங்க? மூன்றாம் மாடியில் கடைசி அறை என்னுடையது. இரட்டைத் திரை, கை வைத்த நாற்காலி. டேப் சில்லென்று உடம்பில் படக் கூடாது என்று முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பேன். வந்தவள் தானாக, "திருப்புங்க" என்று சொல்லும்வரை அதைத் தொடமாட்டேன். ஒருத்தி நாலாவது தடவை வந்தபோதுதான் சொன்னாள்.

உன் அளவு எனக்கு மனப்பாடம். இளைத்திருப்பாய், அதையும் கழித்துக்கொண்டேன். அந்தச் சிலிக்கான் மார்பை நாங்கள் பீஸ் என்போம். ஒன்றை எடுத்து உன் பேரில் சீட்டு எழுதி ஒதுக்கு அலமாரியில் வைத்துவிட்டேன். சீட்டுக்குப் பதினைந்து நாள்தான் ஆயுள். அதைப் புதுப்பிப்பது என் வேலை.

கடை நன்றாக நடக்கிறது. இரண்டாம் மாடியைப் புதுப்பிப்பதற்காக அடைத்திருக்கிறார்கள்.

நீயும் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், வேலை நேரத்தில் அழுதால் மேலாளர் குறித்துவைப்பார். எழுது. அந்த நீலக் கவுன் விஷயத்தை நான் மறக்கவில்லை. அது வேறு, இது வேறு. மார்ச்சில் வா.

அக்கா

---

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வாங்கி நாலு வருடமாயிற்றா, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முழங்காலைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லையே?

நீயே கவுனை ஆரம்பித்ததால் நானும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் கடையில் ஆறு கவுன் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நீதான் முதுகுப் பட்டனைப் போட்டுவிட்டாய். ஒரு அளவு பெரியதாக எடுத்துவர நீ போன நேரத்தில் நான் விலைச்சீட்டைப் படம் பிடித்து, அதே கவுனைக் கைபேசியில் குறைந்த விலைக்கு ஆர்டர் செய்தேன். நீ திரையை விலக்கியபோது கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். மாடி முழுக்கக் கேட்கும்படி, "நீயே இப்படிப் பண்ணினா, மத்தவங்கள நான் என்னன்னு கேக்குறது?" என்று கத்தினாய். எனக்கு அவமானமாகிவிட்டது. தப்பு என்மேல் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. நாலு வருடத்தை அப்படியே ஓட்டிவிட்டேன். மன்னித்துக்கொள் அக்கா. கவுன் வந்தது, இடுப்பில் பிடித்தது. நீ எடுத்துவரப் போன அளவுதான் சரியாக இருந்திருக்கும்.

தையல் ஆறிக்கொண்டு வருகிறது. ஒரு ஓரத்தில் மட்டும் லேசாக ஈரம். அடுத்த வாரத்திலிருந்து மருந்து ஏற்றப் போகிறார்கள், அதனால் மார்ச் முடியாது. ஏப்ரல் கடைசியில் கண்டிப்பாக வருகிறேன்.

வாலு

---

பிப்ரவரி 24

வாலுக்கு,

ஈரம் என்றால் என்ன ஈரம்? டாக்டரிடம் காட்டினாயா? உன் "லேசாக"வை நான் நம்புவதில்லை. சின்ன வயதில் கை ஒடிந்தபோதும் லேசாக வலிக்கிறது என்றுதான் சொன்னாய்.

முழங்கால் இருக்கிறது. கடையில் நகரும் படி ஒரு மாதமாக நகரவில்லை, ஏறித்தான் போகிறேன். உன் அத்தான் கைபேசியில் ஒரு முட்டிப் பட்டை வரவழைத்துக் கொடுத்தார். நான் தொட மாட்டேன் என்று மூன்று நாள் கொள்கையாக இருந்தேன். நாலாவது நாள் போட்டுக்கொண்டேன்.

மன்னிப்பெல்லாம் எழுதாதே, எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ செய்ததைத்தான் இப்போது எல்லாரும் செய்கிறார்கள். ஜோடியாக வருகிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், போட்டுப் பார்க்கிறார்கள், படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நேற்று ஒரு பெண் சாமர்த்தியமாக, அளவெடுத்து எழுதி மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். மார்பை எடுத்தவளிடம் நான் என்ன சண்டை போடுவது?

எங்கள் மாடியில் இப்போது நானும் கல்லாப் பெண்ணும்தான். மற்றவர்களை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் கடைசி வேண்டாம். பத்தாம் தேதிக்குள் வந்துவிடு. அப்புறம் சரக்குக் கணக்கெடுப்பார்கள், என் அறையை அடைத்துவிடுவார்கள். ஒரு நாள் வந்தால்கூடப் போதும். சொன்னதைக் கேள்.

அக்கா

---

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

தாமதமாக எழுதுகிறேன். மருந்து ஏற்றினால் நாலு நாள் படுத்துவிடுகிறேன். முடி போய்விட்டது. "சீப்புச் செலவு மிச்சம்" என்று இவரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

பத்தாம் தேதிக்குள் வர முடியாது. மே மாதம் பார்க்கலாம். ஏன் இப்படி விரட்டுகிறாய்? உடம்பு உன் கடையின் நேரத்துக்கு ஆறாது. கோபமாக எழுதவில்லை, அசதி.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

வாலு

---

ஏப்ரல் 23

என் வாலுக்கு,

விரட்டியது தப்பு. நீ சாப்பிடுகிறாயா? தண்ணீர் நிறையக் குடி.

போன வாரம் எங்கள் கடையில் பெரிய கழிவு விற்பனை. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. நாலைந்து வருடமாகக் கண்ணில் படாதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். துணி தீர்ந்ததும் ஹேங்கரை வாங்கினார்கள், பொம்மைகளை இடுப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எப்பவும் இங்கதான் இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டே இருந்தோமே" என்றாள். நெனச்சா மட்டும் போதுமா, வந்து வாங்கணும் என்று வாய்வரை வந்துவிட்டது. சிரித்துவைத்தேன். என் அறைக் கண்ணாடியையும் ஒருவர் தூக்கிக்கொண்டு போனார். புதுக் கண்ணாடி போடப் போகிறார்களாம்.

ஒதுக்கு அலமாரியில் எதையும் வைக்கக் கூடாது என்று புதிதாக வந்த ஆட்கள் சொல்லிவிட்டார்கள். உன் பீஸை நானே பில் போட்டு எடுத்துக்கொண்டேன். நீ அலைய வேண்டாம், பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தையல் முழுக்க ஆறிய பிறகு போட்டுப் பார். முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு. மே மாதம் வந்தால் வீட்டிலேயே சரிபார்த்துத் தருகிறேன்.

அக்கா

---

மே 9

அன்புள்ள அக்கா,

பார்சல் வந்தது. நேற்றுப் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. இவர்கூட, "பழையபடி ஆயிட்டியே" என்றார். உன் கையே கை. அந்த நர்ஸிடம் நான் அடித்த பெருமை வீண் போகவில்லை.

உன் அறைக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டதா? முழங்காலைப் பார்த்துக்கொள். பயணம் இந்த மாதம் சந்தேகம்தான், பிறகு எழுதுகிறேன்.

வாலு

---

மே 19

வாலு,

உன் கடிதம் வந்த அன்று சந்தோஷத்தில் உன் அத்தானுக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் என் அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் சீட்டின் நகலை அதில் ஒட்டிவைத்திருந்தேன். அதில் வலது என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். எதிரே நின்று அளவெடுக்கிறவள் நான். அவர்களுடைய இடது என் வலது கைப்பக்கம் இருக்கும். பார்த்ததை மாற்றி எழுதி எழுதி அது கையோடு வந்துவிட்டது, யோசிப்பதே இல்லை. நீ என் எதிரே நிற்கவில்லை. உன் கடிதத்தில் இடது என்றுதான் இருந்தது. என் கை அதையும் மாற்றிவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தப்பு, அதை உனக்குச் செய்தேன்.

பீஸின் மெலிந்த முனை அக்குள் பக்கம் போக வேண்டும். பக்கம் மாறினால் அது நடு நெஞ்சில் துருத்திக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிடம் போட்டிருக்க முடியாது. தெருமுனையிலிருந்து பார்த்தாலும் தெரியும். அது அப்படியே உட்கார்ந்தது என்கிறாய், உன் வீட்டுக்காரரும் பார்த்துச் சொன்னார் என்கிறாய். நீ அந்தப் பெட்டியையே பிரிக்கவில்லை.

ஏன் பிரிக்கவில்லை?

நான் முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். கடை போய்விட்டது. ஏப்ரல் 19 கடைசி நாள். நீ முதல் கடிதம் போட்டபோதே எங்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. கடை இருக்கிறது, அறை இருக்கிறது என்றால் நீ எப்படியும் கிளம்பி வருவாய் என்று நினைத்தேன். நாலு வருடம் பார்க்காத உன்னை அந்த அறையிலாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மூடப்போகிற கடையைக் காட்டி உன்னை விரட்டினேன்.

இப்போது நீ சொல்.

அக்கா

---

ஜூன் 2

அக்கா,

உன்னிடம் பொய் சொல்ல வேண்டுமானால் உன் தொழிலைப் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

தையல் ஆறவே இல்லை. அந்த ஈரம் நிற்கவில்லை. மார்ச்சில் அக்குளில் கட்டி வந்தது. இப்போது நுரையீரலில் இருக்கிறது என்கிறார்கள். மருந்து ஏற்றுவதைப் போன வாரம் நிறுத்திவிட்டார்கள். மூச்சு வாங்குவதால் இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். கட்டுப் போட்டிருக்கிற இடத்தில் பீஸை எங்கே வைப்பது?

கடை மூடியது எனக்கு அன்றைக்கே தெரியும். கைபேசியில் படம் வந்தது. வேலை செய்தவர்கள் எல்லாரும் வாசலில் நிற்கிறீர்கள். நீ ஓரமாக, கழுத்தில் டேப்போடு நிற்கிறாய். மற்றவர்கள் கேமராவைப் பார்க்கிறார்கள், நீ மட்டும் மாடியைப் பார்க்கிறாய். கழிவு விற்பனை என்று நீ எழுதியதைப் படித்தபோது, இதை நம்பியதாகவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என்னை மாதிரி ஆட்கள் சேர்ந்துதானே உன் கடையை மூடினோம். அப்படிப்பட்ட நான், நீ கடைசியாகக் கட்டி அனுப்பியதைப் போடவே முடியாது என்று எப்படி எழுதுவேன்?

மே, மே என்று உன்னிடம் தேதி சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நீ வா அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. இவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை, அவர் என்னைவிடப் பயந்திருக்கிறார்.

வாலு

---

ஜூன் 7

என் தங்கமே,

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். சாயங்காலம் அங்கே இருப்பேன். திரும்பி வருவதற்குச் சீட்டு எடுக்கவில்லை. உன் அத்தான் டிவியோடு இருந்துகொள்வார்.

உன் கட்டிலிலேயே எனக்கும் இடம் வை. நான் தலைமாடு, நீ கால்மாடு, சின்ன வயதில் படுத்த மாதிரி. உதைத்தால் திருப்பி உதைப்பேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 28

அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் நல்லபடியாக வீடு சேர்ந்த செய்தி கிடைத்தது. நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். சாப்பாடு நானே செய்துகொள்கிறேன், உப்பு மட்டும் பிடிபடவில்லை. அவள் போய் இன்றோடு இருபது நாள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இதைப் போனில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவள் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவர், "அம்மா இல்லீங்களா? அவங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லணும்" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து அவள் போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். அவர் வாசலிலேயே காத்திருந்தார். நம்பரைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "வேண்டாம்னா இப்பவே எடுத்துட்டுப் போயிடறேன் சார். காரணம் மட்டும் சொல்லுங்க. அளவு சரியில்லையா, நிறம் பிடிக்கலையா, மனசு மாறிட்டீங்களா?" என்றார். ஒன்றும் இல்லை, கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

உள்ளே பெண்கள் போடுகிற ஷூ, சாம்பல் நிறம். அவளுக்கு எடுத்தது இல்லை, அவள் பாதம் சின்னது. ஆர்டர் போட்ட தேதியைப் பார்த்தேன். அவளுடைய கடைசி வாரம்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒரு மத்தியானம் மருந்தோடு உள்ளே வந்தேன். நீங்கள் அந்தப் பக்கம் தலை வைத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அவள் உங்கள் பையிலிருந்த டேப்பை எடுத்து உங்கள் பாதத்தோடு ஒட்டிப் பிடித்தாள். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் பிடித்தாள், நான் பார்த்தேன். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "வலது கால் கொஞ்சம் பெருசு, பாத்தீங்களா? ஊருக்கெல்லாம் அளவெடுத்தா. இவளுக்கு யாரு எடுத்தாங்க?" என்றாள்.

ஷூவைத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

---

செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இளைத்துவிட்டதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், கொஞ்சமாகப் போடுங்கள்.

பார்சல் வந்தது. இரண்டு நாள் நான் அதன் பக்கமே போகவில்லை. இவர்தான் பிரித்து, என் காலடியில் உட்கார்ந்து போட்டுவிட்டார். எனக்கு இதுவரை எந்த ஷூவும் சரியாக இருந்ததில்லை. இடது காலுக்கு வாங்கினால் வலது கடிக்கும், வலது காலுக்கு வாங்கினால் இடது கழலும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவள் வலது காலுக்கு எடுத்து, இடதுக்குள் வைக்க மெத்தென்று ஒரு அட்டையும் சேர்த்து வாங்கியிருக்கிறாள்.

இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவின் கோடிவரை நடந்தேன். கடையைத் தாண்டியும் நடந்தேன். முப்பத்தொரு வருடமாக அந்தத் தெருவில் கால் வலிக்காமல் நான் நடந்ததே இல்லை. இன்றைக்கு வலிக்கவில்லை தம்பி. எங்கேயாவது வலிக்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன். கடைசிவரை வலிக்கவே இல்லை. அங்கேயே ஒரு வாசற்படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்க அழுதேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எழுதுங்கள்.

உங்கள் அக்கா